ஏழு கோழியும் ஒரு பட்டுவாடாவும்

இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் மீசை இந்த நிமிஷமே உதிரட்டும். மீசையே இல்லையே என்று பார்க்காதீர்கள். அது போன கதைக்கு உதிர்ந்தது. இந்தக் கதை சத்தியம். கேளுங்கள்.

"சாமி, அடுத்த வீட்டுக்காரன் வாயைக் கட்ட ஒரு மந்திரம் வேணும்" என்றார் பலவேசம்.

குடைச்சாமி நிமிரவில்லை. மடியில் மூங்கில் பிடி போட்ட பெரிய கறுப்புக் குடை ஒன்று கிடந்தது. அதன் கிழிசலில் ஊசி போய்க்கொண்டிருந்தது.

குளத்து மடைக்குப் பக்கத்தில் ஓலைச் சாய்ப்பு. அதில் உட்கார்ந்து குடை தைப்பார். கேட்டால் ஞானமும் சொல்வார். கூட்டம் என்னவோ குடைக்குத்தான்.

சாமிக்கு முப்பத்தைந்து வயது. பலவேசத்துக்கு அறுபத்துமூன்று. ஆனாலும் சீடர் பலவேசம்தான். ஏன் என்று கேட்டால், "அவர் தைச்ச குடை ஒழுகலை" என்பார். குரு தேட அதைவிட நல்ல வழி எனக்கும் தெரியாது.

"எத்தனை கோழி?" என்றார் சாமி.

"ஏழு."

"எத்தனை அடுத்த வீட்டுக்காரர்?"

"ஒருத்தன்தான் சாமி. அவன் ஒருத்தனே ஏழு பேருக்குச் சமானம்."

"அப்போ கணக்கு சரியாத்தான் இருக்கு. சொல்லுங்க அண்ணாச்சி."

பலவேசம் சொன்னார்.

அவர் முப்பத்துநாலு வருஷம் தபால்காரராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் கூப்பிட்டுக் கொடுக்கக் கையில் ஒரு பெயரும் இல்லை. அதனால் கோழி வாங்கினார். தான் கடிதம் பிரித்துக் கட்டிய ஊர்களின் பெயரையே வைத்தார். விடிந்தால் அவர் கொல்லையிலிருந்து, "ஏ களக்காடு, வா! நாங்குநேரி, தள்ளு! பணகுடிக்கு இன்னும் வரலையா?" என்று குரல் கேட்கும். தெருவில் போகிறவர்கள் பஸ் வந்துவிட்டதென்று ஓடியிருக்கிறார்கள்.

அடுத்த வீடு நம்பிராசனுடையது. பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்தவர். ஓய்வு பெற்றும் விசில் கழுத்தில் தொங்குகிறது. கொல்லையில் கீரைப்பாத்தி போட்டிருக்கிறார். பலவேசத்தின் ஏழு கோழிக்கும் அந்தப் பாத்திதான் உலகம்.

நம்பிராசன் முழங்கால் உயரத்துக்குச் சுவர் வைத்தார். கோழிகள் தாவின. நெஞ்சு உயரம் வைத்தார். பறந்தன. மேலே கண்ணாடிச் சில்லு பதித்தார். அதன்மேல் அவை செருப்புப் போட்ட மாதிரி நடந்தன. கடைசியில் விசில் ஊதினார். முதல் நாள் பயந்து ஓடின. இரண்டாம் நாள் நின்று கேட்டன. மூன்றாம் நாள் விசில் சத்தத்துக்கு ஏழும் உயர வரிசையில் வந்து நின்றன. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஓய் போஸ்ட்மேன்! கோழியா வளக்கீரு? கள்ளனுக்குப் பயிற்சி கொடுக்கீரு வே!" என்று சுவருக்கு மேலே தலை வரும்.

"பயிற்சி கொடுக்கிறது நீரு! விசில் யாரு கையில இருக்கு?" என்று இந்தப் பக்கத்திலிருந்து பதில் போகும்.

போன வாரம் பஞ்சாயத்தில் மனு கொடுத்துவிட்டார் நம்பிராசன். தலைவர் வந்தார், பாத்தியைப் பார்த்தார், தீர்ப்பும் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் கோழிகள் சுவர் தாண்டுவது நிற்கவேண்டும். நிற்காவிட்டால் சனிக்கிழமைச் சந்தைக்கு ஏழும் போகவேண்டும்.

"இன்னைக்குச் செவ்வாய்" என்றார் பலவேசம்.  "அதுங்க போயிட்டா காலையில நான் யாரைச் சாமி கூப்பிடுவேன்?"

சாமி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"புதுக் கோழி வாங்கினா என்ன செய்வீங்க?"

"எல்லாரும் செய்யறதுதான். அம்மியைச் சுத்தி மூணு சுத்து சுத்திக் காட்டிட்டு இறக்கி விடுவோம். அப்போதான் அது வீட்டை மறக்காது."

"ஏழையும் சுத்துனீங்களா?"

"ஏழையும் சுத்துனேன்."

சாமி குடையை விரித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். ஒரு பொட்டு வெளிச்சம்கூட உள்ளே வரவில்லை.

"கோழிக்கு வீடு தெரியுது அண்ணாச்சி" என்றார். "போயிட்டு வாங்க."

பலவேசம் போனார். வழியெல்லாம் அதை மென்றுகொண்டே போனார். கொல்லை வாசலில் கால் வைத்ததும் அர்த்தம் பிடிபட்டுவிட்டது. சுற்றினது போதவில்லை!

ஒவ்வொரு கோழியாகப் பிடித்தார். மூன்று சுற்று பழைய கணக்கு. இப்போது ஆளுக்கு ஒன்பது. ஏழொன்பது அறுபத்துமூன்று. வயதும் அறுபத்துமூன்று. பொருத்தம் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டே சுற்றினார். நாற்பதாவது சுற்றில் தென்னைமரம் அவரைச் சுற்ற ஆரம்பித்தது.

மனைவி முப்பிடாதி அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். "கோழிக்குக் கல்யாணமா, உமக்கா?"

"சாமி உத்தரவு. பேசாதே."

கடைசிக் கோழியையும் இறக்கி விட்டு, தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஏழும் உடம்பை உதறின. ஒன்றையொன்று பார்த்தன. பிறகு, சம்பந்தி வீட்டுக்குச் சீர் கொண்டு போகிற மாதிரி, வரிசையாகச் சுவரேறி அந்தப் பக்கம் இறங்கின.

அங்கே விசில் கேட்டது.

மறுநாள் பலவேசம் சாமியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். "நீங்களே வந்து சொல்லுங்க. சொல்ற விதமாச் சொன்னா கேக்கும்."

சாமி வந்தார். தைத்து முடித்த கறுப்புக் குடையும் கக்கத்தில் வந்தது. கோழிகளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்க்கவில்லை. அடுக்களையை மோந்து பார்த்தார்.

"பசிக்குது" என்றார்.

முப்பிடாதி இருவருக்கும் இலை போட்டாள். சோறு, ரசம், கொள்ளுத் துவையல். சாமி துவையலை மட்டும் மூன்று தரம் கேட்டு வாங்கினார்.

"ஆத்தா, இது மிக்ஸியில அரைச்சது இல்லையே?"

"மிக்ஸியா?" முப்பிடாதிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம வீட்டுல மிக்ஸிக்கு வேலையே கிடையாது சாமி. அம்மிதான். அந்தக் கல்லுல வெறும் உப்பை வச்சு இழுத்தாக்கூட ருசிக்கும்."

"எங்க வாங்கின கல்லு?"

முப்பிடாதி கரண்டியைத் தூக்கினாள். தூக்கின கரண்டி அப்படியே நின்றது.

அவள் பலவேசத்தைப் பார்த்தாள். பலவேசம் ரசத்தைப் பார்த்தார்.

"வாங்கலை" என்றாள் மெதுவாக. "நம்ம செல்விக்குக் கல்யாணம் வச்சப்போ எங்க அம்மி விண்டு போயிருந்துச்சு. விண்ட அம்மியைப் பொண்ணு மிதிக்கக்கூடாதுல்லா? அதனால..."

"அதனால?"

"பக்கத்து வீட்டுல இரவல் கேட்டோம். வாத்தியாரே தூக்கிட்டு வந்து மணவடையில போட்டாரு."

"எத்தனை வருசம்?"

"பதினொண்ணு."

பலவேசம் கொல்லையில் கிடந்த கல்லைத் திரும்பிப் பார்த்தார். ஏழு கோழியையும் அதைச் சுற்றித்தான் வீடு காட்டியிருந்தார். தண்ணீர் குடித்தார். "அவன் கேக்கவே இல்லையே சாமி! ஒரு நாள், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

முப்பிடாதி தலையில் அடித்துக்கொண்டாள். "எப்படிக் கேப்பாரு? கல்யாணத்துக்குக் கொடுத்த அம்மியைக் கொடுத்தவங்க வாய்விட்டுத் திருப்பிக் கேக்கலாமா? மிதிச்ச பிள்ளை வாழ்க்கைக்கு ஆகாதுன்னு சொல்லுவாங்களே."



கோழியைச் சொல்லி ஏசியிருக்கிறார் நம்பிராசன். கீரையைச் சொல்லி, சாக்கடைத் தண்ணீரைச் சொல்லி, முருங்கை இலை உதிர்வதைச் சொல்லி ஏசியிருக்கிறார். பதினொரு வருஷம். அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

செல்விக்கு இரண்டு பிள்ளைகள். போன மாதம்தான் வந்துவிட்டுப் போனாள். நன்றாக இருக்கிறாள்.

சாமி இலையை மடித்தார்.

"முப்பத்துநாலு வருசம் தபால் கொடுத்தீங்களே அண்ணாச்சி. பட்டுவாடா பண்ணாம ஒண்ணாவது நின்னிருக்கா?"

"ஒண்ணுகூடக் கிடையாது" என்று வாயெடுத்த பலவேசம் பாதி இலையில் எழுந்தார்.

பழைய தபால் சைக்கிள் கொட்டகையில் இருந்தது. தூசி தட்டினார். அம்மியையும் குழவியையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள் முப்பிடாதி. மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். மூன்று பேரும் முக்கி முனகிக் கேரியரில் ஏற்றினார்கள். சைக்கிள் ஐயோ என்றது.

கொல்லைச் சுவர் வழியாகக் கொடுத்தால் நாலு எட்டு. ஆனால் பட்டுவாடா என்றால் முன்வாசல்தான். தெருவைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும்.

பலவேசம் சைக்கிளைப் பிடித்தார். முப்பிடாதி பின்னால் கல்லைத் தாங்கினாள். சாமி கறுப்புக் குடையை விரித்து, சப்பரத்துக்குப் பிடிக்கிற மாதிரி அம்மிக்கு மேலே பிடித்தார்.

இனிமேல் சொல்வதைத் தெருவே பார்த்தது. கொல்லையிலிருந்து ஏழு கோழியும் இறங்கி வந்தன. களக்காடு முன்னால். நாங்குநேரி அடுத்து. பணகுடி கடைசியில் நொண்டிக்கொண்டு. அம்மிக்குப் பின்னால், உயர வரிசையில், ஒரு சத்தம் இல்லாமல் நடந்தன. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று செருப்பைக் கழற்றினார்கள். எதற்கென்று அவர்களுக்கே தெரியாது.

நம்பிராசன் வாசலில்தான் நின்றார். விசில் வாயில் இருந்தது. ஊதவில்லை.

"வாத்தியாரே" என்றார் பலவேசம். "உமக்கு ஒரு பார்சல் வந்து ரொம்ப நாளாச்சு. தாமதமாயிருச்சு. வாங்கிக்கிடணும்."

நம்பிராசன் கல்லைப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்தார். விசில் வாயிலிருந்து நழுவி நெஞ்சில் விழுந்தது.

"பிள்ளை சொகமா இருக்காளா வே?" என்றார்.

"சொகமா இருக்கா."

"மூத்தவன் பள்ளிக்கூடம் போறானா?"

"ரெண்டாங் கிளாஸ்."

நம்பிராசன் கிட்டே வந்து அம்மியின்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார்.

"கொத்து மழுங்கிப் போச்சே. இதைக் கொத்தாம எப்படி வே அரைச்சீங்க?" பிறகு வீட்டுக்குள் திரும்பி மனைவியைக் கூப்பிட்டுக் கத்தினார். "ஏட்டி சங்கரவடிவு! அந்த மிக்ஸியைத் தூக்கிப் பரண்ல போடு!"

பிறகுதான் அவர் கண் மேலே போனது.

"அது என் குடைல்லா?"

"தைச்சாச்சு" என்றார் சாமி.

வெள்ளிக்கிழமை பஞ்சாயத்துத் தலைவர் வந்தார். ஏழு கோழியும் நம்பிராசன் கொல்லையில் நின்றன. வள்ளியூர் என்று பெயர் கொண்டது அம்மிமேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது.

"வாத்தியாரே, கோழி தாண்டுதே. நாளைக்குச் சந்தைக்கு அனுப்பிரலாமா?"

"எந்தக் கோழி?" என்றார் நம்பிராசன்.

"இந்தா, இதெல்லாம்."

நம்பிராசன் சுற்றும் முற்றும் பார்த்தார். "வெயில் அதிகம் தலைவரே. மோர் குடிச்சிட்டுப் போங்க."

சனிக்கிழமை பலவேசம் குளத்து மடைக்குப் போனார். முகம் தெளிந்திருந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"சாமி, கோழி இன்னும் நிக்கலையே. விடிஞ்சதும் நான் பேர் சொல்லிக் கூப்பிடறேன். வருது. தீனி தின்னுது. தின்னுட்டு நேரா அங்க போயிருது. அவன் விசில் ஊதறான், வரிசையில நிக்குது, குருணை போடறான். நாள் முழுக்க அங்கதான் கிடக்குது."

சாமி வேறொரு குடைக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்க?" என்றார்.

பலவேசம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். காலையில் நம்பிராசன் வீட்டுத் துவையல் ருசி பார்க்க ஒருதரம். பத்து மணிக்கு அம்மி கொத்துகிறவன் வந்தபோது மேற்பார்வைக்கு ஒருதரம். சாயங்காலம் வா வே என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

வேட்டியை மடித்துக் கட்டினார். நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

நடந்தது இவ்வளவுதான். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். நானும் அதே தெருதான். என் வீட்டு மூலையில் ஓர் உலக்கை நிற்கிறது. அது யாருடையது என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.