கைப்பிடி

குருவுக்கு முப்பத்தொரு வயது. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது.

கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஜெஸிந்தாதான் குரு. அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற மாசானமுத்து சீடர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். கேலியாக ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது.

வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் கம்ப்யூட்டர் கற்க வந்திருக்கிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவரும் கேட்டவர்களிடம் அப்படித்தான் சொல்லிவைத்தார்.

அந்த ஸ்டுடியோவுக்கு வரும் வேலையில் பாதி, இறந்தவர்களுடையது. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு ரேஷன் கார்டில் இருக்கும் முகத்தைக் கொண்டுவந்து கொடுத்து, "தாத்தாவுக்குக் கோட்டு சூட்டுப் போட்டு விட்ருங்க" என்பார்கள். உயிரோடு இருந்தவரை சட்டைக்கே பித்தான் போட்டறியாத தாத்தா, போஸ்டரில் கலெக்டர் மாதிரி நிற்பார். ஜெஸிந்தாவின் கம்ப்யூட்டரில் 'கோட்டு' என்று ஒரு குரூப்பே உண்டு. தலைக்கு ஏற்ற கோட்டைத் தேடுவதுதான் மாசானமுத்து கற்ற முதல் பாடம்.

பிறகு லேயர் கற்றார். கண்ணாடித் தாள்களை அடுக்கி வைத்தது போல, ஒரு படத்தின்மேல் இன்னொரு படம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னதாய் ஒரு கண். கண்ணை மூடினால் அந்த லேயர் தெரியாது. திறந்தால் தெரியும். சேர்ந்திருக்க வேண்டியவற்றை ஒரே குரூப்பில் போட்டுவிட்டால் ஒன்றை நகர்த்தும்போது எல்லாம் கூடவே வரும்.

அதன் பிறகு மாஸ்க். அதில் கறுப்பைத் தடவினால் படம் மறையும். வெள்ளையைத் தடவினால் மறைந்தது திரும்பி வரும்.

"இதுக்கு எரேசரே போதுமே டீச்சர். ஒரே தேய்ப்புல போயிருமே."

"போன வருசம் ஒரு வீட்டுல, மருமகனைப் படத்துலருந்து எடுக்கச் சொன்னாங்க. இப்ப பேரன் பொறந்திருக்கான். மருமகனைத் திரும்ப வைக்கச் சொல்லுதாங்க. தேச்சிருந்தா நான் எங்க போவேன்?"

மாசானமுத்து சிரித்தார். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. திரும்ப வரவே கூடாதது என்று ஒன்று இருக்காதா? அவர் வீட்டில் இருந்தது.

மகன் கார்த்தீஸ்வரன் பைக் விபத்தில் போய்ச் சேர்ந்து ஆறேழு வருடம் ஆகிறது. வண்டி வேண்டும், வண்டி வேண்டும் என்று அவன் வீட்டைப் படுத்தி எடுத்தான். அவன் அம்மா உலகம்மாள் வேண்டவே வேண்டாம் என்றாள். அவள் பேச்சைத் தட்டி வாங்கிக் கொடுத்தது மாசானமுத்துதான். வண்டி வந்த அன்று அதை வீட்டு வாசலில் நிறுத்தி, தம் போனில் ஒரு படம் எடுத்தார். ஹேண்டில்பாரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மகன் வாய் நிறையச் சிரிக்கிறான். அவன் முழு ஆளாக, சிரித்தபடி நிற்கும் படம் அது ஒன்றுதான்.

போன மாதம் மகள் செல்விக்குக் கல்யாணம் நடந்தது. ஜெஸிந்தாதான் படம் எடுத்தாள். குடும்பமாக நின்றபோது, "அண்ணனுக்கு இடம் விட்டு நில்லுங்க" என்றாள். இப்போதெல்லாம் அப்படி ஒரு வழக்கம் வந்திருக்கிறது. போனவருக்கு ஓர் ஆள் இடம் விட்டு எடுத்துவிட்டு, பிறகு ஸ்டுடியோவில் அவரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். உலகம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தது. அங்கே யாரோ நிற்பது போலவே எல்லோரும் இடித்துவிடாமல் ஒதுங்கி நின்றார்கள்.

செல்வி புருசனோடு மஸ்கட்டுக்குப் போகிறாள். "அண்ணன் இல்லாத படத்தை அங்க செவத்துல மாட்ட மாட்டேம்ப்பா" என்று சொல்லிவிட்டாள். அண்ணனைவிட இப்போது அவளுக்கு வயது கூடிவிட்டது.

"இது ஒண்ண நானே செய்யுதேன் டீச்சர்" என்றார் மாசானமுத்து.

இதற்காகத்தான் அவர் தொழில் கற்க வந்தார். மகனைப் படத்திலிருந்து வெட்டி எடுக்கும் வேலையை இன்னொருவர் கையில் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

"செய்ங்க. மாஸ்க்லயே செய்ங்க" என்றாள் அவள்.

தலைமுடியை, காதை, சட்டைக் காலரை எல்லாம் அவள் சொன்னபடிதான் செய்தார். வண்டிக்கு வந்தபோதுதான் முடியவில்லை. மாஸ்க்கில் மறைத்தால் கண்ணுக்குத் தெரியாதே தவிர, அது அடியில் நின்றுகொண்டுதானே இருக்கும்? எரேசரை எடுத்தார். சக்கரத்தை, டேங்கை, ஹேண்டிலை எல்லாம் ஆத்திரம் தீரத் தேய்த்தார். சேவ் கொடுத்தார். போனில் இருந்த படத்தையும் அழித்தார். மகனை நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தி, பிரிண்ட் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். வண்டி ஒழிந்த திருப்தியில் வேறெதையும் அவர் பார்க்கவில்லை.

உலகம்மாள் பார்த்தாள்.

"பிள்ளைக்கு வெரல் எங்க?"

ஹேண்டிலைப் பிடித்திருந்த விரல்கள் வண்டியோடு போயிருந்தன. கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

"ஆஸ்பத்திரியில கூட அவன் கை முழுசாத்தான இருந்துச்சு" என்றாள் உலகம்மாள். அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

காலையில் ஜெஸிந்தா ஷட்டரைத் தூக்க வந்தபோது மாசானமுத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"எரேசர்ல தேச்சிட்டேன் டீச்சர். போன்லயும் இல்ல. நாளைக்குச் செல்வி கெளம்புதா."

அவள் திட்டவில்லை. உட்காரவைத்து ஃபைலைத் திறந்தாள்.

"வண்டி மேல அவ்வளவு கோவமா அண்ணாச்சி?"

"வண்டி மேல இல்ல."

"பின்ன?"

"வாங்கிக் குடுத்தவன் மேல."

ஜெஸிந்தா 'கார்த்தீஸ்' என்ற குரூப்பை விரித்தாள். எல்லாவற்றுக்கும் அடியில், பூட்டிய லேயர் ஒன்று கண்ணை மூடிக் கிடந்தது. யாருடைய படமானாலும், கை வைக்கும் முன்பே ஒரு நகலை அப்படி அடியில் போட்டுவைப்பது அவள் பழக்கம். அவரிடம் அதைச் சொன்னதில்லை.

அந்த லேயரின் கண்ணைத் திறந்தாள். வண்டி வந்து நின்றது.

மாசானமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாருங்க அண்ணாச்சி. வண்டி வந்தாத்தான் வெரல் வரும்."

அந்த லேயருக்கு ஒரு மாஸ்க் போட்டு முழுக்கக் கறுப்பாக்கினாள். வண்டி மறைந்தது. பிறகு வெள்ளையை எடுத்துக் கொடுத்து, மவுசை அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் ஒவ்வொரு விரலாகத் தடவிக் கொண்டுவந்தார். கட்டைவிரல் வந்தது. கடைசியில் நகம் கடித்த சுண்டுவிரல் வந்தது. எத்தனை அடி வாங்கியும் நகம் கடிப்பதை அவன் விடவில்லை. மாசானமுத்துவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஜெஸிந்தா குரூப்பைச் சற்று நகர்த்தினாள். வளைந்திருந்த விரல்கள் உலகம்மாளின் நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டன. விரல்களுக்கு நடுவே கறுப்பாக ஒரு துண்டு தெரிந்தது. ஹேண்டிலின் ரப்பர் பிடி.

"அதையும் எடுத்திரலாமா டீச்சர்?"

"எடுங்களேன்."

அவர் கறுப்பைத் தடவினார். ரப்பரோடு விரல் ஓரமும் மறைந்தது. வெள்ளையைத் தடவினார். இரண்டும் திரும்பி வந்தன. இன்னொரு தடவையும் செய்து பார்த்துவிட்டு மவுசை வைத்துவிட்டார்.

"கை கெடச்சிருச்சு. அவன் அம்மா கேட்டா காட்டிருவேன். ஆனா இந்தச் சிரிப்பு இருக்கே டீச்சர், இத என்னால பாக்க முடியல. இது அந்த வண்டிக்கு வந்த சிரிப்பு. இத அதுலருந்து எப்படிப் பிரிக்க?"

ஜெஸிந்தா கல்யாணப் படத்தின் கண்ணை மூடினாள். மாஸ்க்கை விலக்கினாள்.

அன்றைய வாசல் முழுசாகத் திரைக்கு வந்தது. மாலை போட்ட புது வண்டி. டேங்கில் சந்தனப் பொட்டு. தரையில் ஒரு நிழல் நீண்டு, மகனின் செருப்பைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்திருக்கும் ஆளின் நிழல்.

"இது யாரு?"

"நாந்தான். வெயில் முதுகுக்குப் பின்னால இருந்துச்சு. நெழல் விழுந்தது தெரியாம எடுத்துட்டேன்."

ஜெஸிந்தா அவன் முகத்தை, கண் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கினாள்.

"அவன் வண்டியவா அண்ணாச்சி பாக்கான்?"