பாதி ஆற்றில் நின்ற செங்கமலம்

ராஜாக்கள் மீசையை முறுக்கிவிடுவதற்கென்றே தனி ஆள் வைத்திருந்த அந்தக் காலத்தில், மஞ்சனூர் நாட்டைக் கஜேந்திர பூபதி என்ற ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு சட்டம் போடுவார். சாயங்காலம், "எந்த மடையன் போட்ட சட்டம் இது?" என்று அவரே கேட்பார்.

அரண்மனையில் இரண்டு யானைகள். ஆண் யானை மலையரசனுக்கு மாயழகு பாகன். பெண் யானை செங்கமலத்தை ஓட்டுவது அவன் பெண்டாட்டி சிலம்பாயி. மலையரசன் பெயரில்தான் மலை. தண்ணீரைக் கண்டால் வாலைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நகரும். அதனால் ஆற்றைக் கடக்கிற வேலை முழுக்கச் செங்கமலத்தின் தலையில்.

ஆனால் கூலி? மாயழகுக்கு மரக்கால் நிறைய நெல். சிலம்பாயிக்கு அரை மரக்கால்.

"விடு புள்ளே, ரெண்டு நெல்லும் ஒரே பானையிலதானே வேகுது?" என்பான் மாயழகு.

"நீ குடுத்தா அது நீ குடுத்ததுய்யா. நான் உழைச்சது என் கைக்கு வரணுமா வேண்டாமா?"

மாயழகு தலையைச் சொறிவான். மலையரசன் சுவரில் முதுகைச் சொறியும்.

ஆடிப்பெருக்குக்கு முதல்நாள் சிலம்பாயி நேரே சபைக்குப் போய்க் கேட்டுவிட்டாள். களஞ்சிய அதிகாரி வைரக்கண்ணுவுக்கு மூக்கு விடைத்தது. பேச்சே மூக்கால்தான் அவருக்கு. 'சிலம்பாயி போல யானை ஓட்ட ஆளில்லை' என்று ராஜா ஒருமுறை சொன்னதிலிருந்து அவருக்குத் தூக்கமும் இல்லை.

"ம்ங்... மகாராஜா! பெண்ணுக்கு வயிறு சின்னது. போதாததற்குப் புருஷன் வேறு சம்பாதிக்கிறான். பாதியே அதிகம்!"

"அட, சரியாகத்தான் இருக்கிறது!" என்றார் ராஜா. "சிலம்பாயி, நாளை சூரியன் சாய்வதற்குள் இவர் சொன்னது தப்பென்று காட்டு. முடியாவிட்டால் அங்குசத்தை வைத்துவிட்டுப் போ. செங்கமலத்தை வேறு ஆள் பார்த்துக்கொள்வான்."

கன்றாக இருந்தபோதே சிலம்பாயி தன் கையால் சோற்று உருண்டை ஊட்டி வளர்த்த யானை அது. விட்டுக்கொடுப்பாளா? கும்பிட்டுக்கொண்டே, "ஒரு சந்தேகம் அதிகாரி ஐயா. செங்கமலமும் பொம்பளைதானே? அவளுக்கும் பாதித் தீனிதானா?" என்றாள்.

சபையே வைரக்கண்ணுவைப் பார்த்தது. ராஜா முன்னால் பின்வாங்க முடியுமா?

"ம்ங்... ஆமாம்! பெண் என்றால் பாதிதான்! அதற்குத்தான் மலையரசன் என்று ஒரு புருஷன் இருக்கிறதே. மீதியை அது பார்த்துக்கொள்ளும்!"

"ஆஹா! சட்டம்!" என்று தொடையைத் தட்டினார் ராஜா.

மறுநாள் ஆடிப்பெருக்கு. ராஜா யானைமேல் ஆற்றைக் கடந்து அக்கரை அம்மனுக்குப் புடவை சாத்துவது வழக்கம். அம்பாரியில் ராஜா, பின்னால் குடை பிடித்தபடி வைரக்கண்ணு, யானையின் கழுத்தில் சிலம்பாயி. இரு கரையிலும் ஊரே கூடியிருந்தது.

நட்டாற்றில் செங்கமலம் நின்றது.

"ஏன் நிற்கிறது?" என்றார் ராஜா.

"பாதி ஆறு வந்தாச்சு ராசா. பாதித் தீனிக்கு இவ்வளவுதான்."

"மீதி?"

"மீதிக்குத்தான் புருஷன் இருக்காரே!" சிலம்பாயி கரையைக் கை காட்டினாள். அங்கே மலையரசன் கரும்பு மென்றுகொண்டிருந்தது. மாயழகு பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தான். அது ஒரு காலைத் தண்ணீரில் வைத்தது, சிலிர்த்தது, எடுத்துக்கொண்டது.

"ஓய் வைரக்கண்ணு! உம்முடைய சட்டம் நடுஆற்றில் நிற்கிறது. நடக்க வையும்!"

"சரி, சரி! யானைக்கு முழுத் தீனி! யானைக்கு மட்டும்!"

செங்கமலம் உட்கார்ந்தது. ராஜாவுக்கு இடுப்புவரை தண்ணீர். வைரக்கண்ணுவின் தலைப்பாகை படகு மாதிரி போய்விட்டது.

"ஐயோ, யானைக்காரிக்கும் முழுக் கூலி!"

செங்கமலம் எழுந்து ஓர் அடி வைத்தது. பிறகு மறுபடி நின்றது.

கரையில் இருந்த பெண்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "நெல்லு குத்துறவ நாங்க?" என்று ஒரு குரல். "அவர்களுக்கும்!" என்றார் வைரக்கண்ணு. யானை ஓர் அடி. "வாசல் பெருக்குறவ?" "அவளுக்கும்!" இன்னோர் அடி. "பூக்கட்டுறவ? சாணி அள்ளுறவ? உங்க தலைப்பாகை துவைக்கிறவ?" "எல்லாருக்கும் தாயே, எல்லாருக்கும்! ஆணுக்கு என்னவோ அதேதான் பெண்ணுக்கும்!"

செங்கமலம் கல்யாண ஊர்வலம் போல ஜம்மென்று நடந்து கரையேறியது.

வேட்டியைப் பிழிந்துகொண்டே ராஜா கேட்டார்: "உண்மையைச் சொல். இதற்குச் சட்டம் எப்படிப் புரிந்தது? பசியா?"

"பசியா? மலையரசனுக்கு இன்னிக்குப் பசி ஜாஸ்தின்னு சொல்லி என் வீட்டுக்காரர் தீனியைக் கூடுதலா வாங்கி இவளுக்குத்தான் போட்டார். காதுக்குப் பின்னால கட்டைவிரலால அழுத்தினா நிப்பா. ரெண்டு தடவை அழுத்தினா உட்காருவா. அவ்வளவுதான் ராசா."

ராஜா முறைத்தார். மீசை துடித்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார் பாருங்கள், கரையிலிருந்த கொக்கெல்லாம் பறந்தன!

"ஒரு கட்டைவிரல் என் சபை மூளை மொத்தத்தையும் முக்கி எடுத்துவிட்டதே! செங்கமலம் உன்னிடம்தான். களஞ்சியத்தில் கூலி அளக்கும் பொறுப்பும் இனி உன்னிடம்தான். வைரக்கண்ணு, நீர் நாளையிலிருந்து யானைக்குப் புல் அறுத்துப் போடும். கூலி குறையாது, பயப்படாதீர்."

பூசை முடிந்தது. திரும்பிப் போக யானையில் ஏறும்போது வைரக்கண்ணு சிலம்பாயியிடம் குனிந்து மூக்கால் கெஞ்சினார்: "ம்ங்... அம்மா, எல்லாம்தான் ஒப்புக்கொண்டேனே. இந்தத் தடவை வழியில் நிற்க மாட்டாயே?"

"வர்றப்ப பேசினது இனிமேல் வரப்போற கூலியை ஐயா," என்றாள் சிலம்பாயி. "இத்தனை வருஷமா குறைச்சதை இன்னும் பேசவே இல்லையே!"

வைரக்கண்ணு யானையைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொபீரென்று குதித்து நீந்த ஆரம்பித்தார்.

செங்கமலம் அவர் பக்கத்திலேயே, நிதானமாக, கூடவே நடந்தது.