திரையின் கீழ் நீண்டிருந்த கை

மலையடிவாரத்து வைத்தியசாலை ஒன்றில் நாடி பார்க்கக் கற்பித்தவர் செண்பகவல்லி. அவருக்கு வயது முப்பத்தெட்டு. அவரிடம் கற்று, அங்கேயே வைத்தியம் பார்த்தவர் கூத்தப்பெருமாள். அவருக்கு வயது ஐம்பத்தாறு.

புதிதாக வருவோர் கூத்தப்பெருமாளை வணங்கிவிட்டுச் செண்பகவல்லியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். செண்பகவல்லி தண்ணீரைக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாடி பார்ப்பார்.

ஒரு நாள் பிற்பகலில் கூத்தப்பெருமாள் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"காலையிலும் ஒன்று கேட்டீர்கள்."

"அதே கேள்விதான்."

"விடை மாறிவிட்டதா?"

"இரண்டு முறை மாறிவிட்டது."

கிணறு வெட்டும் தளவாய் மூன்று மாதமாகக் கூத்தப்பெருமாளிடம் மருந்து உண்டு வந்தார். நெஞ்சில் நோய் முற்றிவிட்டது. வரும் மழைக்காலத்தை அவர் காண்பது அரிது. தளவாய்க்கு இது தெரியாது. அவருடைய மகள் பேச்சியம்மாளுக்குத் தெரியும். அன்று மாலை நான்கு மணிக்குத் தளவாய் வருவதாக இருந்தது.

"மகள் என்ன சொன்னாள்?"

"அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னாலும் உங்களை மன்னிக்கவே மாட்டேன் என்றாள். அழுதாள். மறைப்பதுதான் கருணை என்று அப்போது எண்ணினேன். குளித்து முடிப்பதற்குள் மறைப்பது திருட்டு என்று தோன்றியது. சாப்பிட உட்கார்ந்தபோது..."

"சாப்பிட்டீர்களா?"

"இல்லை. நேற்றும் இல்லை."

"திருட்டு என்று ஏன் தோன்றியது?"



"என் மனைவிக்கு நான்தான் மருந்து கொடுத்தேன். தை பிறந்தால் குணமாகிவிடும் என்றேன். அவள் நம்பினாள். தங்கையைப் போய்ப் பார்ப்பதைத் தை மாதத்துக்குத் தள்ளிவைத்தாள். மார்கழியிலேயே போய்விட்டாள். இனி எந்த நோயாளியிடமும் எதையும் மறைப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். தொழிலில் நான் பிடித்திருக்கும் அறம் அது ஒன்றுதான். இன்று அதுவும் கையில் நிற்கவில்லை. எது சரி, அம்மா? சொல்வதா, மறைப்பதா?"

செண்பகவல்லி எழுந்தார்.

"சற்று இருங்கள்" என்று சொல்லி உள்ளே போனார்.

முகம் காட்ட விரும்பாத பெண்கள் திரைக்குப் பின்னால் அமர்வது அந்த வைத்தியசாலையின் வழக்கம். திரையின் கீழ் ஒரு சிறு தலையணை இருக்கும். அதன்மேல் பட்டுத்துணி போர்த்திய கை நீண்டிருக்கும். வைத்தியர் பெயர் கேட்பதில்லை. துணியின்மேல் மூன்று விரல்களை வைத்து நாடி பார்ப்பார்.

செண்பகவல்லி திரும்பி வந்தார்.

"திரைக்கு முன்னால் உட்காருங்கள். நாடி பாருங்கள்."

"இப்போதா? மணி மூன்றாகிவிட்டது."

"நான்கு ஆகவில்லையே."

கூத்தப்பெருமாள் அமர்ந்தார். தலையணையின்மேல் பட்டுத்துணி போர்த்திய கை இருந்தது. வழக்கப்படி கண்களை மூடினார். மூன்று விரல்களை வைத்தார். முதலில் எதுவும் தெரியவில்லை. விரல்களை அழுத்தினார். துடிப்பு தெரிந்தது.

"சொல்லுங்கள்" என்றார் செண்பகவல்லி.

"வேகமாக ஓடுகிறது. இரண்டு நாளாக உணவில்லை. உறக்கமும் இல்லை."

"வேறு?"

"அச்சம் இருக்கிறது. அதற்கு அடியில் பழைய துயரம் ஒன்று இருக்கிறது. எதையோ வெளியே சொல்லாமல் அடக்கி வைத்த உடம்பு இது."

"மருந்து?"

"இவரிடம் எதையும் மறைக்கக் கூடாது. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். அதுதான் மருந்து."

"உறுதியாகச் சொல்கிறீர்களா?"

"இன்று நான் உறுதியாகச் சொல்லும் ஒன்று இதுதான்."

செண்பகவல்லி திரையை விலக்கினார்.

பின்னால் ஒருவரும் இல்லை. துணியை எடுத்தபோது, முதலாண்டு மாணவர்கள் விரல் வைக்கப் பழகும் மரக்கை தெரிந்தது. மேலே ஆட்டுத்தோல் போர்த்தியிருந்தது. ஜன்னல் வெயிலில் கிடந்ததால் இன்னும் சூடாக இருந்தது.

அளவுக்கு மீறி அழுத்தினால் நாடி பார்ப்பவருக்குத் தம் விரல்நுனியின் துடிப்பே தெரியும். முதல் மாதத்து மாணவர் செய்யும் பிழை அது. கூத்தப்பெருமாளே பலரை அதற்காகக் கடிந்திருக்கிறார்.

அவர் முகம் சிவந்தது.

"என்னை ஏமாற்றிவிட்டீர்கள், அம்மா."

"உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று சொன்னேனா?"

"இல்லை."

"நீங்கள் பார்த்த நாடி பொய்யா?"

"இல்லை... துடித்தது. நான் சொன்னவை எல்லாம் மெய்தான்."

"யாருக்கு மெய்?"

கூத்தப்பெருமாள் மரக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்படியென்றால் தொழிலுக்கு வரும்போது என் துடிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டுமா?"

"துடிப்பில்லாத கை வேண்டுமென்றால் இதோ இருக்கிறது. தளவாயைப் பார்க்க இதையே உட்கார வைக்கட்டுமா?"

"இப்போது முன்னைவிடக் குழம்புகிறது, அம்மா."

"தளவாய் உங்களிடம் என்ன கேட்டார்?"

"எத்தனை நாள் உயிரோடிருப்பேன் என்று."

"அவர் வாயிலிருந்து வந்த சொற்களைச் சொல்லுங்கள்."

கூத்தப்பெருமாள் நெற்றியைத் தேய்த்தார்.

"'கிணத்துல இன்னொரு தடவை இறங்கலாமா' என்று கேட்டார். அவர் கேட்க நினைத்தது மரணத்தைப் பற்றித்தான்."

"இருக்கலாம்."

"இல்லாமலும் இருக்கலாமா?"

"இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் செண்பகவல்லி மரக்கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான்கு மணிக்குத் தளவாய் வந்தார். மூன்று படிகள் ஏறுவதற்குள் இருமுறை நின்றார். பேச்சியம்மாள் கதவருகிலேயே நின்றுகொண்டு, கூத்தப்பெருமாளின் உதடுகளைப் பார்த்தாள். செண்பகவல்லி ஒரு மூலையில் மருந்து இடித்துக்கொண்டிருந்தார்.

தளவாய் கையை நீட்டினார். கூத்தப்பெருமாள் அதைத் தொடவில்லை. தம் இடக்கையைத் தாமே பிடித்து, கண்களை மூடி, நெடுநேரம் இருந்தார்.

"என்னய்யா, சீக்கு எனக்கா ஒங்களுக்கா?" என்றார் தளவாய். "சொன்னா நா ஒங்களுக்குப் பாத்துட்டுப் போறேன்."

கூத்தப்பெருமாளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் தளவாயின் கையைப் பிடித்தார்.

"அன்றைக்குக் கிணறு என்றீர்களே. எந்தக் கிணறு?"

"கீழத்தெருக் கெணறுய்யா. பாதில நிக்கி. தண்ணி வர்ற கண்ணு எந்தப் பக்கம்னு எனக்குத்தான் தெரியும். மேல நின்னு கத்துனா பயலுவளுக்கு வெளங்கல. வெடிய மாத்தி வச்சானுவன்னா ஊத்து அத்துப் போயிரும். ஒருக்கா எறங்கி, கை வச்சுக் காட்டிட்டா போதும்."

"அதற்காகத்தான் கேட்டீர்களா?"

"ஆமா. எறங்க முடியும், அது எனக்கே தெரியும்." தளவாய் மகளை ஒருமுறை பார்த்தார். குரல் தாழ்ந்தது. "ஏற முடியுமா? அத மட்டும் சொல்லுங்க."

பேச்சியம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இடிக்கும் ஒலி நின்றது. கூத்தப்பெருமாள் பற்றியிருந்த கையை விடாமலே மூலைப் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நான் இப்போது என்ன சொல்ல?"

செண்பகவல்லி உலக்கையைச் சுவரில் சாய்த்தார். அருகில் வந்து, தளவாயின் மணிக்கட்டின்மேல் இருந்த மூன்று விரல்களைப் பார்த்தார். அவற்றின் நுனிகள் வெளுத்திருந்தன.

"இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறீர்கள்" என்றார்.