துண்டு போட்ட நாற்காலி

ஆவுடையப்பன் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். கண்டிப்பான மனுஷர். அவர் நாற்காலியின் முதுகில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு கிடக்கும். அவர் டீக்கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். யாராவது வந்து கேட்டால், "துண்டு கிடக்குல்லா, சார் இருக்கார்" என்றுதான் பதில் வரும்.

மற்ற நாளெல்லாம் வீட்டிலேயே தியானம் செய்வார். சனிக்கிழமையானால் தென்காசிக்கு வெளியே தவமணி அம்மாவின் தியானக்கூடத்துக்குப் போய்விடுவார். அம்மா அவரைவிட வயதில் சின்னவர். இருந்தாலும் ஆவுடையப்பனுக்கு அம்மாதான் குரு.

அந்தச் சனிக்கிழமை முகம் தொங்கிப்போய் வந்தார்.

"என்ன அண்ணாச்சி, தூக்கமில்லையா?"

"மேலிடத்துல கேட்டிருக்காங்கம்மா. வாரத்துல பாதி நாள் வீட்ல இருந்து வேலை பார்க்கிற ஏற்பாடு தொடரலாமா, இல்ல எல்லாரும் தினமும் ஆபீஸுக்கு வரணுமான்னு. எங்க பிரிவுக்கு நான் சொல்றதுதான். திங்கட்கிழமை சொல்லியாகணும்."

"சொல்லிர வேண்டியதுதானே?"

"எல்லாரும் வரணும்னுதான் எனக்கு ஆசை. ஆனா ஸ்டெல்லான்னு ஒரு பொண்ணு இருக்கா. மாமியார் படுத்த படுக்கை. தினமும் வரச் சொன்னா வேலையை விட்டுருவா."

"அவ வேலை எப்படி?"

"குறை சொல்ல முடியாது. ஆனா ஆள் கண்ணுல படாம, வேலை நடக்குன்னு எப்படிம்மா நம்புறது?"

அவர் உட்காருவதற்காக விரித்த துண்டை அம்மா கேட்டு வாங்கி, தன் பிரம்பு நாற்காலியின் முதுகில் போட்டார்.

"நான் இருக்கேன். நீங்க தியானம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

ஆவுடையப்பன் நாற்காலிக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்தார். காக்கா கத்தினால் ஒரு கண் திறந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் முதுகு நிமிர்ந்தது. பால்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்கும் சேர்த்து நிமிர்ந்தார், பாவம்.

கத்திரிச் செடிக்குத் தண்ணீர் விட்ட ஈரக் கையோடு அம்மா திரும்பி வந்தார்.

"தியானம் கூடிச்சா?"

"எங்கம்மா! நீங்க வாரீங்களான்னு பார்க்கவே பொழுது சரியாப் போச்சு."

"வீட்ல?"

"வீட்ல நல்லாக் கூடும். அங்க யாரு நம்மளைப் பார்க்கா?"

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. நாற்காலியில் கிடந்த துண்டைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. கூடவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டெல்லா வேலையை விட வேண்டாம் என்று நினைத்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது.

"அப்போ எல்லாரையும் முழுசா வீட்லயே இருக்கச் சொல்லிரட்டுமாம்மா?"

"வீட்லயே நல்லாக் கூடுதுன்னீங்களே அண்ணாச்சி. பிறகு எதுக்கு சனிக்கிழமை தவறாம பஸ் ஏறி வாரீங்க?"

"நல்லா கேட்டீங்க போங்க! மனசுல ஒரு முடிச்சு விழுந்தா உங்ககிட்டதானே அவிழ்க்க முடியும்? நாலு பேரோட உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கணும். உங்க சுக்குக்காப்பி வேற. ஒரு வாரம் வராட்டி எனக்கு என்னமோ மாதிரி இருக்கும்மா."

அம்மா துண்டை எடுத்து ஒரு உதறு உதறி, மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"இதுல எது அண்ணாச்சி உங்க ஆபீஸுக்கு வாரவங்களுக்குக் கிடைக்கும்?"