விட்டுவிட்டேனே என்ற அரசன்

சொல்கிறேன், கேளுங்கள். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

நெடுங்காலத்துக்கு முன்னே வெண்கரை நாட்டைக் கீர்த்திமாறன் என்னும் அரசன் ஆண்டு வந்தான். நல்லவன்தான். கொல்லா விரதம் பூண்டவன். வழியில் எறும்பு போனால்கூட ஒதுங்கி நடப்பான். அவனுக்கு இருந்தது ஒரே ஒரு பைத்தியம், தூண்டில்.

கொல்லா விரதக்காரனுக்குத் தூண்டில் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன்! மீனைப் பிடிப்பான், தராசில் வைத்து நிறுப்பான், புலவரைக் கூப்பிட்டு அதன்மேல் பாட்டுப் பாடச் சொல்வான். பிறகு தண்ணீரில் விட்டுவிடுவான். "பார்த்தீர்களா, ஒரு செதிலும் உதிரவில்லை!" என்பான். கூட இருப்பவர்கள் கை தட்டுவார்கள். வேறென்ன செய்வார்கள்?

மழைக்காலம் தொடங்கினால் அந்த நாட்டின் பெரிய ஏரியில் விரால் முட்டையிடும். பாசியை ஒதுக்கி வட்டமாகக் கூடு செய்து, அதனடியில் தகப்பன் மீன் காவல் நிற்கும். குஞ்சுகள் பொரித்துச் சிவப்பாகத் திரண்டு நீந்தும்போதும் அந்தக் காவல் விலகாது. அந்த நாட்களில் மீனவர்கள் அந்தப் பக்கம் வலை வீச மாட்டார்கள். கூட்டருகே ஒரு குச்சி நட்டு, பனையோலையை முடிந்து வைப்பார்கள். இங்கே வராதே என்று அதற்குப் பொருள்.

அரசன் அந்த முடிச்சுகளைப் பார்த்தான். "அடடா, மீன் இருக்கும் இடத்தை எனக்காக அடையாளம் செய்து வைத்திருக்கிறார்களே!" என்று படகை நேரே அங்கே விட்டான். இவனை என்னவென்று சொல்வது!

தூண்டில் விழுந்ததும் விரால் பாய்ந்து கவ்வியது. பசியால் அல்ல. கூட்டருகே எது வந்தாலும் கடித்து விரட்டுவது அதன் குணம். அரசனோ எல்லாம் தன் கைத்திறமை என்று மீசையை முறுக்கினான். பிடித்தான், நிறுத்தான், பாட வைத்தான், விட்டான். மீன் திரும்பிப் போவதற்குள் கெளுத்தியும் கெண்டையும் தண்ணீர்ப் பாம்பும் கூட்டைத் துடைத்துத் தின்றிருந்தன.

மீனவர் தலைவன் வீரணன் அரண்மனைக்கு வந்தான். "ராசா, ஓலை முடிஞ்ச பக்கம் போகாதீங்க. கூடு அழியுது."

"நான் கொன்றேனா? விட்டுவிட்டேனே!" என்றான் அரசன்.

அடுத்த மழைக்கு மறுபடி வந்தான். "ராசா, ஏரியில விரால் பாதியாப் போச்சு."

"நான் கொன்றேனா? விட்டுவிட்டேனே!"

மூன்றாம் மழைக்கு மறுபடி வந்தான். "ராசா, வலையைத் தூக்கினா வெறும் பாசிதான் வருது. புள்ளைங்க பட்டினியாப் படுக்குதுங்க. ஏரி முழுக்க ஒரே ஒரு கூடுதான் மிச்சம். அதையாவது விட்டுடுங்க."

"அட, அதைத்தானே செய்கிறேன்? பிடித்துவிட்டு விட்டுவிடுகிறேனே!" என்று அரசன் சிரித்தான். வீரணன் தலையில் அடித்துக்கொண்டு நேரே அரசி நப்பின்னையிடம் போனான். அரசி அவனிடம், "நாளை ஆட்களோடும் கோயில் துலாபாரத் தராசோடும் ஏரிக்கரைத் தோப்புக்கு வா" என்றாள்.

மறுநாள் அரசனுக்கு ஒருவேளை மட்டும் சாப்பிடும் விரதம். காலையில் தூண்டிலோடு போய்விட்டுப் பகலில் தோப்புக்கு வந்தான். வாழையிலையில் சோறு, பருப்பு, பாயசம். மரமெல்லாம் குரங்கு. அரசன் குரங்கை விரட்ட ஒரு கையில் கோலோடு இலைக்கு முன்னே உட்கார்ந்தான்.

அரசி கண் காட்டினாள். ஆட்கள் அரசனை அலாக்காகத் தூக்கினார்கள். தராசில் வைத்து நிறுத்தார்கள். புலவரைக் கொண்டு அவன் மீசையைப் பாட வைத்தார்கள். பிறகு பழைய இடத்திலேயே பத்திரமாக உட்கார வைத்தார்கள். இலையில் ஒரு பருக்கை இல்லை. குரங்குகள் மரத்தில் உட்கார்ந்து கையை நக்கிக்கொண்டிருந்தன.

"ஐயோ, என் சோறு!" என்று அரசன் அலறினான்.

"ஏன் கத்துகிறீர்கள்?" என்றாள் நப்பின்னை. "உங்களைக் கொன்றோமா? விட்டுவிட்டோமே!"

அரசன் திட்டுவதற்கு வாயைத் திறந்தான். முகம் வெளுத்தது. "நப்பின்னை, காலையில்தான் அந்தக் கடைசிக் கூட்டில்..." என்றான். சொல்லி முடிக்காமல் படகுக்கு ஓடினான்.

பனையோலை முடிச்சு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கூட்டில் ஒரு குஞ்சும் இல்லை. அரசன் பிடித்து, நிறுத்து, விட்ட அந்த விரால் மட்டும் வெறும் தண்ணீரைச் சுற்றிச் சுற்றிக் காவல் காத்துக்கொண்டிருந்தது. அரசன் துக்கத்தோடு கையை நீரில் வைத்தான். அது பாய்ந்து அவன் விரலைக் கடித்தது.

அவன் தூண்டிலை முறித்துப் போட்டான். அழுதான்கூட. அழுது என்ன பயன்? முதல் மழையிலேயே கேட்டிருக்கலாம்!

நீதி இதுதான்: காவல் நிற்கும் உயிரை அதன் இடத்தைவிட்டு எடுத்தவன், அதை உயிரோடு திருப்பி விட்டாலும், அது காத்து நின்ற உயிர்களைக் கொன்றவனே ஆவான்.