பெயர் நீக்கிய பிரதி

“சார், உங்களைத் திருடின ஒருத்தனைப் பிடிச்சிட்டேன்!”

செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே வந்தாள் தாட்சாயணி. இப்போது வரலாற்றுத் துறைத் தலைவி. பேராசிரியர் சவரிராயன் வீட்டுக்குள் வந்துவிட்டால் மட்டும் பழைய ஆய்வு மாணவிதான்.

சவரிராயன் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார்.

“என்னத்தைத் திருடினான்?”

“ஒரு பதிப்பகத்துலேர்ந்து மதிப்பீட்டுக்குன்னு ஒரு புத்தகப் பிரதி வந்துச்சு. அந்தக் காலத்து உப்பு வணிகர்கள் போன பாதையைப் பத்தி. எழுதினவர் யாருன்னு வழக்கம்போலச் சொல்லல. படிச்சுப் பார்த்தா அத்தனையும் நீங்க பழைய புத்தகத்துல சொன்னது சார்! அதே பாதை, அதே கல்வெட்டு. உங்க பேரு ஓர் இடத்துலகூட இல்ல. எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது.”

“என்ன எழுதின?”

“அப்பட்டமான திருட்டுன்னு எழுதினேன். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வரி.”

“அனுப்பிட்டியா?”

“காலையிலேயே. திருட்டுன்னு பேர் வந்துட்டா அந்தப் புத்தகத்தை இனி எவன் தொடுவான்?”

அவர் மருந்துப் புட்டியை மூடப் பார்த்தார். மூடி சரியாக உட்காரவில்லை.

“முழுசாப் படிச்சியாம்மா?”

“ரெண்டு அத்தியாயம் போதாதா சார்?”

அடேயப்பா, என்ன விசுவாசம்! இப்படி ஒரு மாணவி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

“மதிப்பீட்டுக்கு அனுப்பும்போது பிரதியில யார் பேரை எடுக்கச் சொல்றாங்க?”

“எழுதினவர் பேரை சார். முதல் பக்கத்துல மட்டும் இல்ல. தன்னோட பழைய புத்தகங்களைச் சொல்ற இடத்துலயும் எடுத்துடணும். அப்பதானே ஆள் யாருன்னு…”



“பார்வை போறதுக்குள்ள முடிச்சிடணும்னு உட்கார்ந்து எழுதினேன்,” என்றார் சவரிராயன்.

“ஐயோ சார்… இப்பவே அவங்களுக்கு எழுதிடறேன். தப்பா நினைச்சிட்டேன்னு…”

“என்னன்னு எழுதுவ? ரெண்டு அத்தியாயம்தான் படிச்சேன்னா?”

துறைத் தலைவி தலையைக் குனிந்துகொண்டாள். எழுதுகிறேன் என்று அவள் மறுபடி சொல்லவில்லை.

“மூணாவது அத்தியாயத்துலேர்ந்து,” என்றார், “நான் முன்ன சொன்ன அந்தப் பாதையே தப்புன்னு எழுதியிருந்தேன்மா.”