டாட்டா காட்டும் இடம்

குரு என்றால் தாடி வேண்டும், ஆசிரமம் வேண்டும், உட்கார ஒரு மான் தோலாவது வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இந்தக் கதையில் வரும் குருவுக்கு வயது முப்பத்திரண்டு. பெயர் பிரிசில்லா. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். சீடருக்கு வயது ஐம்பத்தைந்து. பெயர் வேதமாணிக்கம். இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அதே பள்ளியின் பிரின்சிபால்.

நான் அங்கே ஆபீஸ் கிளார்க். என் ஜன்னலைத் திறந்தால் பள்ளியின் கேட் தெரியும். அதனால் நடந்ததெல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. பிரின்சிபாலுக்குச் சீடர் என்று பெயர் வைத்ததும் நான்தான். அது அவர் காதுக்கும் போனது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

எங்கள் கேட்டுக்கு முன்னால் தெரு குறுகல். காலை எட்டரை மணிக்கு அந்தத் தெருவைப் பார்த்தால் ஊரில் உள்ள அத்தனை கார்களும் எங்கள் பள்ளியில்தான் படிக்கின்றன என்று தோன்றும். வந்து நிற்கிற கார் போகாது. பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார். அவருக்குப் பின்னால் வருகிறவர் அவரைப் பார்த்து அடிப்பார். ஒருவர் முகத்திலும் தப்பு செய்கிறோம் என்ற எண்ணமே இருக்காது.

கேட்டுக்குள் போக மூன்று படிகள். இடது பக்கம் ஒரு சாய்தளம். அது நாச்சியாருக்காகப் போன வருடம் கட்டியது. நாச்சியார் மூன்றாம் வகுப்பு. பிறந்ததிலிருந்தே கால்களில் பலம் குறைவு. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். சாய்தளம் இல்லாத காலத்தில் அவள் அம்மா சங்கரி அவளைத் தூக்கிக்கொண்டு போய் வகுப்பில் உட்காரவைத்துவிட்டு வருவாள். சாய்தளம் கட்டினோம். அதற்கு முன்னால் கார்கள் நின்றன. சங்கரி மறுபடியும் தூக்கினாள்.

பிரின்சிபால் சும்மா இருக்கவில்லை. முதலில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பணிவான வேண்டுகோள் வைத்தார். நூற்றுப் பதினேழு பேர் கும்பிடும் கை போட்டார்கள். மறுநாள் அந்த நூற்றுப் பதினேழு பேரும் அதே இடத்தில் வந்து நின்றார்கள். அடுத்து, சாய்தளத்துக்கு முன்னால் தெருவில் மஞ்சள் பெயிண்டில் ஒரு பெரிய கட்டம் போட்டு, உள்ளே குறுக்குக் கோடுகளும் இழுக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் அவரே பக்கத்தில் நின்று போடவைத்தார். திங்கட்கிழமை காலை வந்த முதல் கார் முன்னும் பின்னும் பார்த்து ஒடித்து, நான்கு சக்கரமும் கட்டத்துக்குள் சரியாக அடங்கும்படி நின்றது. கார்க்காரர் இறங்கி வந்து, நிறுத்துவதற்குத் தனியாக இடம் ஒதுக்கியதற்குப் பிரின்சிபாலுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பின் வாட்ச்மேன் கையில் விசில் கொடுத்தார். ஹாரனோடு விசிலும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. ஒரு திங்கட்கிழமை சங்கரி மகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு கார்களுக்கு நடுவில் நுழையும்போது, தோளில் மாட்டியிருந்த வாக்கர் ஒரு காரின் கண்ணாடியில் இடித்துவிட்டது. கார் வக்கீல் இசக்கியப்பனுடையது. அவர் மகள் ஓவியா பிரிசில்லா டீச்சரின் வகுப்பு. வக்கீல் கண்ணாடியை இறக்கி, நடக்க முடியாத பிள்ளையை எதற்கு இந்தக் கூட்டத்தில் கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டார். அவர் அதைக் கத்திக்கூடச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். நாச்சியார் முகத்தை அம்மாவின் கழுத்தில் புதைத்துக்கொண்டாள்.

அன்று பதினோரு மணிக்குச் சங்கரி ஆபீசுக்கு வந்தாள். பிரின்சிபால் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கேன் சார். அப்புறம் வீட்டுலயே வச்சுக்கிடுதேன். அவளைத் தூக்குறது எனக்குப் பாரம் இல்ல. நாலு பேர் முன்னால தூக்குறதை அவளால தாங்க முடியல."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, கார் சக்கரத்துக்குப் பூட்டுப் போடும் சாமான் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கச் சொன்னார். நல்ல மனிதர்தான். ஆனால் கோபம் வந்துவிட்டால் நல்ல மனிதருக்கும் முதலில் பூட்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

செவ்வாய்க்கிழமை இடைவேளையில் அவர் எல்.கே.ஜி. வகுப்புக்குப் போனார். தினமும் காலையில் சின்னப் பிள்ளைகளை வாசலில் நின்று வாங்கிக்கொள்பவர் பிரிசில்லா டீச்சர். அந்த விசில், ஹாரன், புகை எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு நாளும் அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. நான் ஒரு பைலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பைல் சும்மா ஒரு சாக்கு.

"இந்த ஆட்களுக்கு மனசாட்சியே கிடையாதா டீச்சர்?" என்று பிரின்சிபால் கேட்டார்.

டீச்சர் ஒரு பையனுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"நாளைக்குக் காலையில எங்கூட வந்து நில்லுங்க சார். காரைப் பாக்காதீங்க. உள்ள இருக்கவங்க கண்ணு எங்க போகுதுன்னு மட்டும் பாருங்க."

புதன்கிழமை காலை பிரின்சிபால் போய் நின்றார். முதல் கார் வந்தது. ஒரு சின்னப் பெண் இறங்கினாள், படியேறினாள். அவள் அப்பா வண்டியை எடுக்கவில்லை. ஸ்டீயரிங்கில் நெஞ்சு முட்டும் அளவு குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை வராந்தாவின் மூலைக்குப் போய், வகுப்புப் பக்கம் திரும்புவதற்கு முன்னால் நின்று கை ஆட்டியது. அப்பாவும் ஆட்டினார். உடனே கார் கிளம்பிவிட்டது.

அடுத்த கார். அதே மூலை, அதே டாட்டா. அடுத்து ஸ்கூட்டியில் ஒரு அம்மா. அவள் பையன் மூலைக்குப் போனதும் மீன் தொட்டியைப் பார்த்து நின்றுவிட்டான். பின்னால் பதினோரு வண்டி. அந்த அம்மாவுக்கு ஹாரன் காதில் விழவே இல்லை. பையனுக்கு ஞாபகம் வந்து திரும்பிக் கை ஆட்ட மூன்று நிமிடம் ஆனது.

வக்கீல் இசக்கியப்பனும் வந்தார். ஓவியா மூலையில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். திங்கட்கிழமை அந்தப் பேச்சுப் பேசிய மனிதர் இப்போது நாக்கை வெளியே நீட்டி, கண்ணை உருட்டி அவளைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். எனக்கே அவரைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது. மனிதனை முழுதாக வெறுக்கவும் விடமாட்டேன் என்கிறார்கள்.

அந்த மூலை தெருவில் வேறு எங்கிருந்து பார்த்தாலும் தெரியாது. சாய்தளத்துக்கு முன்னால் நின்றால் மட்டும்தான் தெரியும். பிரின்சிபால் தெருவில் முன்னும் பின்னும் நடந்து, குனிந்து, எட்டிப் பார்த்து, அதை ஒரு சோதனை போலச் செய்து உறுதிப்படுத்திக்கொண்டார்.

"புரிந்துவிட்டது டீச்சர். நாளையிலிருந்து பிள்ளைகள் திரும்பிப் பார்க்காமல் நேராக வகுப்புக்குப் போக வேண்டும். சர்க்குலர் போட்டுவிடுகிறேன்."

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் வெளிச்சம் தெரிந்தது. டீச்சர் அவரையே பார்த்தார்.

"உங்க பையனைக் கோயம்புத்தூர் ஹாஸ்டல்ல சேத்துட்டு வந்தீங்களே சார். சேத்த உடனே கிளம்பிட்டீங்களா?"

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கண்ணாடியில் அழுக்கு ஒன்றும் இருக்கவில்லை. சர்க்குலர் பேச்சு அதோடு முடிந்தது.

அன்று மாலை டீச்சர் கேட்டது இரண்டே இரண்டு பெஞ்சுகள். விளையாட்டு மைதானத்தில் கிடந்த நீள பெஞ்சுகள். அவற்றைக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி உள்பக்கம் பாதாம் மரத்தடியில் போட வேண்டும் என்றார். கேட்டிலிருந்து தெருவோடு நூறு அடி போனால் அந்த இடம். அங்கே சுவர் உயரம் குறைவு, தெருவும் அகலமாகிப் பெரிய ரோட்டோடு சேர்ந்துவிடும். எதற்கு என்று பிரின்சிபால் கேட்கவில்லை. பெஞ்சின் ஒரு முனையை அவரே பிடித்துத் தூக்கினார். மறுமுனை எனக்கு வந்தது. இடுப்பு இரண்டு நாள் வலித்தது.

பெற்றோருக்கு ஒரு அறிவிப்பும் போகவில்லை. வீட்டுக்குக் கிளம்பும் முன்னால் டீச்சர் தன் வகுப்புப் பிள்ளைகளையும் யு.கே.ஜி., ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளையும் பெஞ்சில் ஏற்றி நிறுத்தி, இனிமேல் டாட்டா இங்கேதான் என்று சொன்னார். ஒரு தடவைதான் சொன்னார். பிள்ளைகள் ஏறி நின்று ரோட்டில் போன ஒரு தண்ணீர் லாரிக்கு டாட்டா காட்டிப் பழகிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலை நான் ஜன்னலில் உட்காரவில்லை, கேட்டுக்கே போய்விட்டேன். வக்கீலின் கார் வழக்கம்போல மஞ்சள் கட்டத்துக்குள் வந்து நின்றது. ஓவியா இறங்கினாள். இரண்டு படி ஏறித் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, இங்க நிக்காத. அங்க மரத்துக்கிட்ட போ. அங்கதான் டாட்டா."

கோர்ட்டில் யாருக்கும் அடங்காதவர் என்று பெயர் எடுத்தவர். அடுத்த நிமிடம் காரை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போனார். பின்னால் வந்தவரும் போனார். அவருக்குப் பின்னால் வந்த ஸ்கூட்டி அம்மா பையனை இறக்கிவிட்டு, எங்கே எங்கே என்று கேட்டுக்கொண்டே போனாள். சுவருக்கு மேலே வரிசையாகச் சின்னத் தலைகள். ரோட்டோரத்தில் தாராளமாக நிறுத்திவிட்டு அப்பா அம்மாக்கள் ஆசை தீர டாட்டா காட்டினார்கள். வாட்ச்மேன் விசிலை வாயில் வைத்தபடி வேலையில்லாமல் நின்றார்.

வாட்ஸ்அப்பால் முடியாததை, பெயிண்டால் முடியாததை, ஒரு டாக்டர் பட்டத்தால் முடியாததை அந்தப் பெண் இரண்டு பெஞ்சில் முடித்துவிட்டார். எனக்கு அன்று அவர்மேல் வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. சங்கரி மட்டும் அதைப் பார்க்கவில்லை. நாச்சியார் அன்று பள்ளிக்கு வரவில்லை. பிரின்சிபால் அவர்கள் வீட்டுக்குப் போன் பண்ணி, நாளைக்கு ஒரே ஒரு நாள் வந்து பாருங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை எட்டு முப்பத்தைந்துக்கு அவர்கள் ஆட்டோ வந்தது. மஞ்சள் கட்டம் காலியாகக் கிடந்தது. சங்கரி முதலில் இறங்கினாள். சாய்தளத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். ஆனாலும் பழக்கம் விடவில்லை, மகளைத் தூக்கக் குனிந்தாள். நாச்சியார் அம்மாவின் கையை மெதுவாக விலக்கினாள்.

"எறக்கி மட்டும் விடும்மா."

இறக்கிவிட்டு வாக்கரை விரித்துக் கொடுத்தாள். நாச்சியார் சாய்தளத்தில் ஏறினாள். வாக்கரை முன்னால் வைப்பாள், ஒரு கால், இன்னொரு கால், மறுபடியும் வாக்கர். பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். உதவிக்கு ஓடிய வாட்ச்மேனை டீச்சர் கண்ணாலேயே நிறுத்தினார். அவள் மேலே ஏறி, கேட்டைத் தாண்டி, முற்றத்தைக் கடந்து வராந்தா மூலைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மூலையில் அவள் திரும்பினாள். மூன்று வருடமாக அம்மாவின் தோளில் இருந்தபடி மற்ற பிள்ளைகள் அங்கே நின்று செய்வதை அவள் பார்த்திருக்கிறாள். வகுப்பு வரைக்கும் தூக்கிக்கொண்டு வருகிற அம்மாவுக்கு எங்கே நின்று டாட்டா காட்டுவது? இப்போது வாக்கரிலிருந்து வலது கையை எடுத்தாள். உடம்பு ஆடியது. மறுபடியும் பிடித்துக்கொண்டாள். இன்னொரு தடவை எடுத்தாள். இந்தத் தடவை கையைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டாள்.

சங்கரிக்கு முதலில் விளங்கவில்லை. யாருக்குக் காட்டுகிறாள் என்று தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. அதன்பிறகுதான் அவள் கை மேலே போனது. அழுதுகொண்டே ஆட்டினாள்.

அவள் நின்றது நடுத்தெருவில். பக்கத்தில் அவள் வந்த ஆட்டோ. அதற்குப் பின்னால் வக்கீலின் கார், அதற்குப் பின்னால் நாலைந்து வண்டிகள். வக்கீல் ஒரு தடவை ஹாரன் அடித்தார். இரண்டு மாதப் பழக்கத்தில் பிரின்சிபாலின் கால்கள் தானாக நகர்ந்தன. தெருவை அடைத்து நிற்கும் சங்கரியிடம் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொல்லத்தான் அவர் போனார்.

டீச்சர் அவர் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சார், நீங்க போய் அந்தக் காரையெல்லாம் நிறுத்தி வைங்க."

பிரின்சிபால் சங்கரியைப் பார்த்தார். பிறகு வண்டிகளைப் பார்த்தார். நேராக வக்கீலின் காருக்கு முன்னால் போய், இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு நின்றார். அங்கிருந்தே கேட்டார்.

"எவ்வளவு நேரம் டீச்சர்?"

"நாச்சியா கையைக் கீழ எறக்குற வரைக்கும் சார்."